முதல் வரிசைதான் மோசமான இருக்கை: ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஐஸ் ஹாக்கி

2014 ஜனவரி 1. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் நகரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மோதிய, வின்டர் கிளாசிக் என்ற திறந்தவெளி ஐஸ் ஹாக்கி ஆட்டம். அறிவிக்கப்பட்ட கூட்டம் 1,05,491. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-லின் ஆட்டம் ஒன்றுக்கு அவ்வளவு பேர் அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

டிவியில் அன்று அது அற்புதமாக இருந்தது. பனி கொட்டுகிறது, பாதி ஸ்டேடியம் சிவப்பு, பாதி நீலம், நடுவே ஒரு வெள்ளைச் செவ்வகம். ஆகாயத்திலிருந்து கேமரா காட்டும்போது வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. ஆனால் ஆகாயத்தில் யாருக்கும் இருக்கை கிடையாது. டிக்கெட் வாங்கி அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

ஒரு விளக்கம் முதலிலேயே. ஹாக்கி என்றால் நம் ஊரில் புல்தரை ஹாக்கி நினைவுக்கு வரும். இங்கே பேசுவது ஐஸ் ஹாக்கி. ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அது.

எப்படித் தொடங்கியது

ஐஸ் ஹாக்கி குளத்தில் பிறந்த ஆட்டம். உறைந்த ஏரியில் விளையாடிய சிறு வயது நினைவு கனடாக்காரர்களுக்கு ஒரு பலவீனம், தொட்டால் கண் கலங்கிவிடுவார்கள். அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தது முதலில் கல்லூரி அணிகள். 2001 அக்டோபரில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் தற்காலிக ஐஸ் தளம் போட்டு, பரம எதிரியான மிச்சிகனுடன் ஆடியது. 74,544 பேர் வந்தார்கள். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது.

என்.எச்.எல். சும்மா இருக்குமா? 2003 நவம்பர் 22 அன்று கனடாவின் எட்மன்டன் நகரத்துக் காமன்வெல்த் ஸ்டேடியத்தில் ஆயிலர்ஸ், மான்ட்ரியல் கனேடியன்ஸ் ஆட்டம். 57,167 பேர். வெப்பநிலை சுமார் −18 டிகிரி. காற்றோடு சேர்ந்து −30 மாதிரி உறைத்தது. மான்ட்ரியல் கோல்கீப்பர் ஹோசே தியோடோர் முகமூடிக்கு மேல் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு நின்ற படத்தை இன்றும் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படத்தில் தெரியாத விஷயம் ஒன்று. அது 1978 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய ஸ்டேடியம். அப்போது அதில் ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பாதையும் இருந்தது. ஏற்கெனவே தூரமாக இருந்த ஐஸ், பாதையின் அகலத்துக்கு இன்னும் தள்ளிப் போயிற்று.

2008 புத்தாண்டு அன்று பஃபலோ அருகே ஆர்ச்சர்ட் பார்க்கில் முதல் வின்டர் கிளாசிக். 71,217 பேர். பனிப்பொழிவில் ஷூட்-அவுட் (ஆட்டம் சமனானால் ஒருவர் பின் ஒருவராகக் கோல் அடிக்கப் பார்த்து முடிவு செய்வது), சிட்னி கிராஸ்பி கோல் போட்டு பிட்ஸ்பர்க்கை ஜெயிக்க வைத்தார். கதை எழுதினால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. டிவிக்காரர்களுக்கு அது போதும். அதன்பின் இது வருடா வருடம் வரும் திருவிழா ஆகிவிட்டது. சில வருடம் பேஸ்பால் மைதானத்தில், சில வருடம் ஃபுட்பால் ஸ்டேடியத்தில்.

வெள்ளைப் பலகையும் ஹெல்மெட்டுகளும்

சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு ஆட்டத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த ஸ்டேடியம் என்பது வேண்டாம். கூட என் பையன், அப்போது ஒன்பது வயது. இரண்டாவது வரிசையில் இடம். ஃபுட்பால் பார்க்கிறவர்கள் சொத்தை விற்று வாங்கும் வரிசை என்று சொல்லி விற்றார்கள். நானும் பெருமையாக வாங்கினேன்.

போய் உட்கார்ந்தால், எதிரே பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைப் பலகைச் சுவர். அதன் மேல் கண்ணாடி. சுவருக்கு மேலே ஹெல்மெட்டுகள் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போயின. உடம்பு இல்லை, மட்டை இல்லை, பந்துக்குப் பதில் அடிக்கும் அந்தக் கருப்பு வட்டு, பக், அதுவும் இல்லை. திருவிழாவில் சுவருக்கு அந்தப்பக்கம் சாமி ஊர்வலம் போகும்போது குடையின் உச்சி மட்டும் தெரியுமே, அது மாதிரி. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: “அப்பா, பக் எங்கப்பா?”

எனக்கும் தெரியவில்லை. பெரிய திரையைக் காட்டினேன். “அதை வீட்லயே பாத்திருக்கலாமே” என்றான்.

ஒரு குறிப்பிட்ட ஸ்டேடியம் சரியில்லை என்று இதைச் சொல்லவில்லை. ஃபுட்பால் ஸ்டேடியத்தின் நடுவில் ஐஸ் தளத்தை வைத்தாலே இதுதான் நடக்கும். கணக்கு எளிது.

என்.எச்.எல். ஐஸ் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஃபுட்பால் மைதானம், இரு முனைப் பகுதிகளையும் சேர்த்து, 360 அடி நீளம், 160 அடி அகலம். நடுவில் வைத்தால் பக்கவாட்டில் இருபுறமும் முப்பத்தேழரை அடி, அதாவது 11 மீட்டருக்கு மேல், சும்மா கிடக்கும். முனைகளில் 80 அடி, சுமார் 24 மீட்டர். கோட்டுக்கு வெளியே ஆட்டக்காரர்கள் நிற்கும் இடம் வேறு இருக்கிறது. ஆக முதல் வரிசைக்கும் ஐஸ் தளத்தின் ஓரத்துக்கும் பக்கவாட்டில் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் தளத்தின் மூலைகள் வேறு வளைந்தவை, 28 அடி ஆரம். ஸ்டேடியத்தின் மூலையில் உட்கார்ந்தவருக்கு அதுவும் கழிவு.

தூரம் மட்டும் என்றால் பைனாகுலரோடு சமாளித்துவிடலாம். வில்லன் பலகை. ஐஸைச் சுற்றி நிற்கும் அந்த போர்டு சுமார் 107 செ.மீ. உயரம், உள்ளே எதுவும் தெரியாது. உள்ளரங்கில் முதல் வரிசைக்காரர் போர்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார், எட்டிப் பார்த்தால் ஐஸ் தெரியும். பதினைந்து மீட்டர் தள்ளி அதே உயரத்தில் உட்காருங்கள், கதை மாறிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. கண் ஐஸிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் 65 செ.மீ. பின்னே, 30 செ.மீ. மேலே போகிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த ஒத்த முக்கோணம்தான், பெரிய வித்தை இல்லை.

முதல் வரிசை: போர்டு மறைக்கும் நீளம் 37 மீட்டர். ஐஸ் தளத்தின் அகலமே 26 மீட்டர். அதாவது ஐஸ் என்று ஒன்று கண்ணில் படவே படாது. எதிர்ப்பக்க போர்டை ஒட்டிக்கூடத் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை எதுவும் தெரியாது.

ஆறாவது வரிசை: சுமார் 10 மீட்டர் மறையும். ஐந்தில் இரண்டு பங்கு ஐஸ் போச்சு.

பதினாறாவது வரிசை: ஐந்தரை மீட்டர் மறையும். முப்பத்தோராவது வரிசை: நாலு மீட்டர். தொண்ணூறாவது வரிசை வரை ஏறினாலும் சுமார் 3 மீட்டர் மறைந்தேதான் இருக்கும். இதே கணக்கில், போர்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் உள்ளரங்கு முதல் வரிசைக்காரருக்கு மறைவது இரண்டரை மீட்டர்.

இதை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன், நம்பிக்கை வரவில்லை என்பதால். ஃபுட்பால் ஸ்டேடியத்தின் உச்சியில் இருப்பவருக்கும் உள்ளரங்கின் முதல் வரிசைக்காரருக்கும் போர்டு மறைக்கும் பட்டை ஏறக்குறைய ஒரே அகலம்தான். ஆனால் உள்ளரங்குக்காரர் அதற்குக் கைம்மாறாகக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மோதும் ஆளின் மூச்சுக்காற்றைப் பார்க்கிறார். உச்சியில் இருப்பவருக்கும் நடு ஐஸுக்கும் இடையே 90 மீட்டர்.

பக் எவ்வளவு பெரியது? மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன். நல்ல கண்பார்வை என்று டாக்டர் சொல்வது, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும் கண்ணை. 90 மீட்டரில் பக்கின் தடிமன் சரியாக அந்த எல்லையில் வந்து நிற்கிறது. வெள்ளையின் மேல் கருப்பு என்பதால் புள்ளியாகத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புள்ளி மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கக்கூடியது. ஃபுட்பால் பந்து பதினொரு அங்குல நீளம், பழுப்பு நிறம், ஒரு ஆள் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார். தொண்ணூறாவது வரிசை அந்தப் பந்தைப் பார்ப்பதற்காகக் கட்டியது.

ஆன் ஆர்பரில் அன்று

மிச்சிகன் ஸ்டேடியம் 1927-இல் திறந்தது. பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டிய கிண்ணம். வெளியே இருந்து பார்த்தால் இவ்வளவு பெரியது என்று தெரியாது. உள்ளே நுழைந்தால் காலடியில் பள்ளத்தாக்கு மாதிரி இறங்கும். அதன் அழகே சாய்வு மெதுவாகப் போவதுதான். தொண்ணூறுக்கு மேற்பட்ட வரிசைகள், தடுப்புச் சுவர் தாழ்வு, கீழ் வரிசைகள் மைதானத்தோடு ஒட்டி இருக்கும். ஹாக்கிக்கு இவை அத்தனையும் பாதகம்.

போதாததற்கு, ஐஸ் தளத்தை நேரே புல்லின் மேல் வைக்க முடியாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக ஃபுட்பால் மைதானங்கள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். அதனால் கீழே அடுக்கிச் சமன்செய்து, அதன் மேல் குளிரூட்டும் அலுமினியத் தட்டுகளைப் பரப்பி, அதற்குமேல் தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளித்துத் தெளித்து ஐஸ் ஏற்றுகிறார்கள். என்.எச்.எல்-லின் ஐஸ் நிபுணர் டான் கிரெய்க் 53 அடி நீள டிரெய்லரில் குளிரூட்டும் இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலை இது. ஐஸின் தரத்துக்காக அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் இப்படி அடுக்குவதில் ஐஸ் கொஞ்சம் உயர்கிறது. உயரும் ஒவ்வொரு அங்குலமும் கீழ் வரிசைக்காரரின் கண்ணைத் தாழ்த்துகிறது.

ஆட்டம் தொடங்கியபோது சுமார் −10 டிகிரி. பனி தொடங்கியது முதல் முடியும் வரை பெய்தது. ஆட்டத்தின் நடுவே அடிக்கடி நிறுத்தி, ஆட்கள் மண்வாரிகளோடு இறங்கி ஐஸைத் தள்ளித் துப்புரவு செய்தார்கள். காற்று ஒரு பக்கத்துக்குச் சாதகமாகிவிடக்கூடாது என்று மூன்றாவது பீரியடின், அதாவது ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் கடைசியின், பாதியில் அணிகள் முனை மாற்றிக்கொண்டன. பனி படிந்த ஐஸில் பக் உருளும், திடீரென்று நின்றுவிடும். ஆட்டக்காரர்களும் அழகான பாஸ் கொடுப்பதை விட்டுவிட்டு, தூக்கி அடித்துத் துரத்துவதற்கு இறங்கிவிட்டார்கள். டேனியல் ஆல்ஃப்ரெட்ஸன் டெட்ராய்ட்டுக்கு முதல் கோல். ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக் சமன். டைலர் போசாக் டொராண்டோவை முன்னே கொண்டுபோக, ஜஸ்டின் அப்டெல்கேடர் மறுபடி சமன். கடைசியில் ஷூட்-அவுட்டில் போசாக் அடித்து 3-2. ஆட்டமாகப் பார்த்தால் விறுவிறுப்புக்குக் குறைவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு இந்தப் பனி இரண்டாவது திரை. தொண்ணூறு மீட்டர் தூரத்துக்குக் காற்றில் மிதக்கும் பனி முழுவதையும் ஊடுருவிப் பார்க்க வேண்டும். டிவியில் அதுவே அழகு, ஏனென்றால் கேமரா கிட்டே போய்விடும்.

சத்தம் இன்னொரு இழப்பு. உள்ளரங்கில் ஐஸ் ஹாக்கி பாதி காதால் பார்க்கும் ஆட்டம். ஸ்கேட் கீறும் ஒலி, பக் போர்டில் மோதும் ‘டொம்’, கோல் கம்பத்தில் பட்டால் வரும் ‘ணங்’. கூரை அதையெல்லாம் திருப்பித் தரும். திறந்த கிண்ணத்தில் அது ஆகாயத்துக்குப் போய்விடும். மிச்சம் வந்து சேருவதும் தாமதமாகத்தான். அந்தக் குளிரில் ஒலி நொடிக்கு சுமார் 325 மீட்டர் போகும் என்றால், 90 மீட்டருக்குக் கால் நொடிக்கும் மேல். அடித்ததைப் பார்த்த பிறகு அடித்த சத்தம் கேட்கும், டப்பிங் சரியில்லாத படம் மாதிரி. கைதட்டலும் எடுபடாது, எல்லோரும் தடிமனான கையுறை போட்டிருப்பதால்.

உள்ளரங்கில் நடு ஐஸுக்கு நேர்மேலே ஸ்கோர்போர்டு தொங்கும். நேரம் பார்க்க, மறுகாட்சி பார்க்கத் தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். திறந்தவெளியில் தொங்கவிட இடமில்லை. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 2011-இல் வைத்த இரண்டு திரைகள் அன்று இரு முனைகளில் இருந்தன, ஒவ்வொன்றும் 85 அடி அகலம். ஐஸ் தளத்தின் அகலமும் 85 அடி. திரையில் பார்ப்பதா, தளத்தில் பார்ப்பதா என்றால் கண் திரைக்குத்தான் போகும். திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தளத்தில் ஆட்டம் வேறு முனைக்குப் போயிருக்கும்.

இருக்கை விஷயமும் உண்டு. அங்கே இருப்பது எண் போட்ட பெஞ்சு. எண்ணுக்கு ஒரு ஆள் என்பது ஃபுட்பால் தொடங்கும் செப்டம்பர் மாதச் சட்டைக்குப் போட்ட கணக்கு. ஜனவரியில் நாலு அடுக்கு உடுப்போடு வருகிறவர் ஒன்றேகால் ஆள் ஆகிவிடுவார்.

யாருக்காக நிரப்புகிறார்கள்

அப்போது அந்த ஸ்டேடியத்தின் அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,09,901. வந்தவர்கள் 1,05,491. வித்தியாசம் 4,410. கீழ் வரிசை ஒன்றில் 800 பேர் என்று குறைத்தே வைத்தாலும், பத்து வரிசையை மூடியிருந்தால் 8,000 இடம் போயிருக்கும், அந்த எண்ணிக்கை வந்திருக்காது. சாதனை எண் வேண்டும் என்றால் மோசமான இடத்திலும் ஆளை உட்கார வைத்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கை மோகம் இதே ஸ்டேடியத்தில் 2010 டிசம்பரிலேயே தெரிந்தது. மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட் கல்லூரி ஆட்டம். அறிவித்தது 1,13,411; கின்னஸ் ஏற்றுக்கொண்டது 1,04,173. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் காகிதத்தில் மட்டும் இருந்தார்கள். ஒரு விதத்தில் அவர்களுக்கும் கீழ் வரிசைக்காரர்களுக்கும் தெரிந்த ஆட்டம் ஒன்றுதான்.

ஐஸ் தளத்துக்கும் இருக்கைக்கும் இடையே சும்மா கிடக்கும் அந்த இடத்தை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2018 மார்ச் 3 அன்று அனாபொலிஸில் கடற்படை அகாடமி ஸ்டேடியத்தில் வாஷிங்டன், டொராண்டோ ஆட்டம். ஐஸ் தளத்தைச் சுற்றி ஒரு விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளம் மாதிரி அலங்காரம். மேலிருந்து பார்த்தால் பிரமாதம். அந்த அலங்காரத்தின் வடிவம் புரியும் உயரத்தில் கேமராதான் இருந்தது. அன்று மூன்றாவது பீரியடில் விளக்கும் போய், இருட்டில் காத்திருந்தார்கள்.

இன்னும் வெளிப்படையான சாட்சி 2021 பிப்ரவரி, லேக் டாஹோ. கொரோனா காலம். ஏரிக்கரை கோல்ஃப் மைதானத்தில் ஐஸ் போட்டு இரண்டு ஆட்டம், பார்வையாளர் ஒருவரும் இல்லை. முதல் ஆட்டம் வெயிலில் ஐஸ் இளகி, எட்டு மணி நேரம் நின்று, ராத்திரிதான் தொடர்ந்தது. அப்படியும் அந்த மலையும் ஏரியும் திரையில் கண்ணைப் பறித்தன. ஆள் இல்லாமலே இந்த நிகழ்ச்சி நடக்கும் என்பது அன்று தெரிந்துபோயிற்று.

உள்ளே போவதே பாடாகும் ஊர்களும் உண்டு. 2020 பிப்ரவரி 15, கொலராடோ ஸ்பிரிங்ஸ், விமானப்படை அகாடமியின் ஃபால்கன் ஸ்டேடியம். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் 3-1 என்று கொலராடோவை வென்றது, டைலர் டொஃபோலி மூன்று கோலும் அடித்தார். வெளியே கார்கள் மணிக்கணக்கில் ஊர்ந்தன. ராணுவ வளாகம், நுழைய வழி குறைவு, ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் பேர். ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. உள்ளே போனவர்களுக்குக் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் நீண்ட வரிசை. வருடத்தில் ஆறேழு சனிக்கிழமை ஃபுட்பாலுக்குப் பழகிய ஸ்டேடியம், ஹாக்கி ரசிகர் வேறு நேரத்தில் வேறு பாதையில் வருகிறவர். அதோடு ஹாக்கியில் இரண்டு நீண்ட இடைவேளை. குளிரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே வாசலுக்குப் போவார்கள்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2011-இல் பிட்ஸ்பர்க்கில் மழைக்காகப் பகல் ஆட்டம் இரவு எட்டு மணிக்குப் போனது. 2019-இல் ஃபிலடெல்ஃபியாவில் 69,620 பேர் நனைந்துகொண்டே பார்த்தார்கள்.

அப்படியானால் ஏன் வருகிறார்கள்

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏமாந்து வரவில்லை. டொராண்டோவிலிருந்து ஆன் ஆர்பருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம், நடுவில் எல்லைச் சோதனை. புத்தாண்டு விடியலில் கிளம்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். டொராண்டோவில் எங்கள் ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழ்ப் பையன்கள்கூட லீஃப்ஸ் சட்டையைக் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு திரிகிற ஊர் இது. அவர்களிடம் ஒத்த முக்கோணம் பேசினால் சிரிப்பார்கள். அங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை என்றால் சரி. ஆனால் முதல் தடவை சொந்தக் காசில் குடும்பத்தோடு போகிறவருக்கு, நல்ல இடம் என்று சொல்லி கெட்ட இடத்தை விற்பது வேறு விஷயம். என் மனத்தாங்கல் அதில்தான்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. எல்லோரும் முதலில் சொல்வது, “கூடைப்பந்து மாதிரி மேடை போட்டு உயர்த்துங்கள்” என்பது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்று 2009 முதல் ஃபுட்பால் அரங்கின் நடுவில், உயர்த்திய மேடையில் நடக்கிறது. மேடையைச் சுற்றித் தற்காலிக இருக்கைகள் இறங்கி வரும். அங்கே அது வேலை செய்யும். கூடைப்பந்துக்குப் போர்டு கிடையாது. ஹாக்கியில் தளத்தை உயர்த்தினால் போர்டும் கூடவே உயர்ந்து, கீழ் வரிசைக்காரருக்கு மிச்சமிருந்த ஹெல்மெட்டும் போய்விடும். ஹாக்கிக்குத் தளத்தைக் கீழே இறக்க வேண்டும், அதற்கு மைதானத்தைத் தோண்ட எந்தப் பல்கலைக்கழகமும் விடாது. போர்டையே கண்ணாடியாக்கலாமே என்றால், அந்த வெள்ளைப் பலகை முழுக்க விளம்பரம்.

எனக்குச் சரியாகப் படுவது தளத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைப்பது. பத்து மீட்டர் தள்ளினால், கிட்டே வரும் பக்கத்தில் ஆறாவது வரிசைக்கு மறைவது பத்து மீட்டரிலிருந்து நாலரை மீட்டராகக் குறையும். பதினாறாவது வரிசைக்கு மூன்று மீட்டர்தான். எதிர்ப்பக்கம் மோசமாகும், பதினாறாவது வரிசைக்கு ஏழரை மீட்டர். அந்தப் பக்கத்தைப் பாதி விலைக்கு விற்கலாம், கீழ் வரிசைகளை மூடிவிடலாம். செய்ய மாட்டார்கள். ஆகாயக் கேமராவில் கோணலாகத் தெரியும்.

இன்னொரு வழி, சின்ன ஸ்டேடியம். 2017 புத்தாண்டு அன்று டொராண்டோ பி.எம்.ஓ. ஃபீல்டில் இதே இரண்டு அணிகள், 40,148 பேர், ஆஸ்டன் மேத்யூஸ் கூடுதல் நேரத்தில் அடித்து 5-4. கூட்டம் ஆன் ஆர்பரில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே தொண்ணூறாவது வரிசை என்று ஒன்றும் கிடையாது. பெரிய ஸ்டேடியத்தின் ஆசை விட்டதா என்றால் இல்லை. 2025 மார்ச் 1 அன்று ஒஹையோ ஸ்டேடியத்தில் 94,751 பேர்.

டிக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கு, விற்கிறவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். பக்கவாட்டில், இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வரிசை. முனைப்பக்கம் வேண்டவே வேண்டாம். பக்கத்து கோல் 25 மீட்டரில் போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எதிர் கோல் வேறு ஊரில் இருக்கும். பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். காதில் ரேடியோ வர்ணனை இருந்தால் நல்லது.

பையனோடு போன அன்று எங்களுக்கும் அப்படித்தான் விடிவு வந்தது. மூன்றாவது பீரியட் தொடங்கும்போது குளிர் தாங்காமல் ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். நாங்கள் விலை உயர்ந்த எங்கள் இரண்டாவது வரிசையை விட்டுவிட்டு மேலே ஏறினோம். முப்பதாவது வரிசை வாக்கில் காலியாக ஒரு பெஞ்சு. பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தோம். கீழே முழு ஐஸும், நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக விரிந்து கிடந்தது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் கோட்டைப் பிடித்து இழுத்தான். “அப்பா, எல்லாருக்கும் கால் இருக்குப்பா.”